மலைச்சரிவில் ஒரு மனை: விக்டோரியாவின் காட்டுத்தீப் பகுதியில் வீடு கட்டத் திட்ட அனுமதி பெறுவது எப்படி?

மெல்பர்னில் சில ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சொந்த மனை தேடத் தொடங்கும் நம்மவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் டான்டெனாங் மலைப்பக்கம் போய்ச் சேர்வார்கள். எமரால்டு, காக்கட்டூ, ஜெம்புரூக் என்று ஊர் ஊராகக் காரில் சுற்றும்போது, ஓங்கி நிற்கும் யூகலிப்டஸ் மரங்களும் அவற்றின் நடுவே விற்பனைப் பலகை நட்ட ஓர் ஏக்கர் மனையும் கண்ணில் படும். புறநகரின் கைக்குட்டை அளவு மனைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு தோப்பாகவே தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. வாங்கினோம், கட்டினோம், இப்போது அங்கேதான் குடியிருக்கிறோம். ஆனால் இடையில் செய்த ஒரு தவறு, ஏறக்குறைய ஒரு வருடத்தையும் ஒரு வீட்டு வரைபடத்தின் முழுச் செலவையும் விழுங்கிவிட்டது. வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததுதான் அந்தத் தவறு. முதலில் வீட்டின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு அதை மனையில் எங்கே வைப்பது என்று யோசித்தோம். கடைசியாகத்தான் காட்டுத்தீ விதிகளைப் புரட்டினோம்.

இதை நேர்மாறாகச் செய்ய வேண்டும். முதலில் விதி, அடுத்து மனையில் வீட்டுக்கான இடம், அதன்பிறகே வரைபடம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தானாகவே வரிசைக்கு வந்துவிடும்.

விதிகள் எங்கிருந்து வந்தன?

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்ட நாள். கிங்லேக், மேரிஸ்வில், ஸ்ட்ராத்ஈவன் போன்ற ஊர்கள் எரிந்தன. 173 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பகலெல்லாம் வடமேற்கிலிருந்து அடித்த அனல்காற்று மாலையில் தென்மேற்குக்குத் திரும்பியது. அதுவரை தீயின் நீண்ட பக்கவாட்டாக இருந்தது, அந்தத் திருப்பத்தில் அப்படியே அதன் முகமாக மாறியது. பின்னர் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2010 ஜூலையில் 67 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கை தந்தது. எங்கே வீடு கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதும் அந்தப் பரிந்துரைகளில் உண்டு. நாம் இன்று விண்ணப்பிக்கும் விதிமுறை 2011இல் நடைமுறைக்கு வந்தது.

கவுன்சில் அலுவலர் உங்கள் தண்ணீர்த் தொட்டியின் வால்வு அளவைப் பற்றிக் கேட்கும்போது இந்தப் பின்னணி நினைவில் இருக்கட்டும். அந்தக் கேள்வியின் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு வரைபடங்கள், இரண்டு அனுமதிகள்

புதியவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். விக்டோரியாவில் காட்டுத்தீ சம்பந்தமாக இரண்டு தனித்தனி வரைபடங்கள் இருக்கின்றன.

முதலாவது ‘புஷ்ஃபயர் ப்ரோன் ஏரியா’, அதாவது காட்டுத்தீ அபாயப் பகுதி. இது மிகவும் பரந்தது. கிராமப்புறத்தின் பெரும்பகுதியும், நகரின் விளிம்பில் புல்வெளியை ஒட்டி எழும் புதிய குடியிருப்புகள் பலவும் இதற்குள் வரும். உங்கள் மனை இதில் மட்டும் இருந்தால், காட்டுத்தீக்காகத் தனியே திட்ட அனுமதி தேவையில்லை. கட்டட அனுமதி எடுக்கும்போது, தீயைத் தாங்கும் கட்டுமானத் தரத்தில் குறைந்தபட்ச நிலையையாவது எட்டினால் போதும்.

இரண்டாவது ‘புஷ்ஃபயர் மேனேஜ்மென்ட் ஓவர்லே’. பி.எம்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓவர்லே என்பது நிலத்தின் வழக்கமான விதிகளுக்கு மேல் போர்த்திய கூடுதல் விதித்தொகுப்பு. தீ மிகக் கடுமையாக வரக்கூடிய இடங்களுக்கு மட்டும் இது பொருந்தும். உங்கள் மனை இதற்குள் இருந்தால், கட்டட அனுமதிக்கு முன்பே கவுன்சிலிடம் திட்ட அனுமதி பெற வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினருக்கானது.

திட்ட அனுமதி, இந்த இடத்தில் இந்த வீடு இருக்கலாமா என்று கேட்கிறது. கட்டட அனுமதி, அந்த வீடு சரியாகக் கட்டப்படுகிறதா என்று கேட்கிறது. முதலாவதைக் கவுன்சில் தருகிறது. இரண்டாவதைப் பதிவுபெற்ற கட்டட சர்வேயர் தருகிறார். ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றொன்று தானாக வந்துவிடாது.

எல்லா வேலைக்கும் பி.எம்.ஓ. அனுமதி வேண்டியதில்லை. இருக்கும் வீட்டின் தரைப்பரப்பில் பாதிக்கும் குறைவாக விரிவாக்குவதற்கும், குடியிருக்கப் பயன்படாத 100 சதுர மீட்டருக்குக் குறைந்த துணைக்கட்டடத்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு. ஆயினும் வேறொரு ஓவர்லே அதே வேலைக்கு அனுமதி கேட்கலாம். கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனை வாங்கும் முன்

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். மாநில அரசின் ‘விக்பிளான்’ என்ற இணைய வரைபடத்தில் மனையின் முகவரியைப் போட்டால், அந்த நிலத்துக்கான திட்ட அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அதில் மூன்றைத் தேடுங்கள்: நிலம் எந்த ஸோனில் (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் பிரிவில்) இருக்கிறது, எந்தெந்த ஓவர்லேக்கள் அதன்மேல் இருக்கின்றன, காட்டுத்தீ அபாயப் பகுதிக்குள் வருகிறதா. விற்பவர் தர வேண்டிய செக்‌ஷன் 32 அறிக்கையிலும் அபாயப் பகுதி பற்றிய குறிப்பு இருக்கும். அதை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு இருந்துவிடாமல், நீங்களும் ஒருமுறை படியுங்கள்.

ஸோன் ஏன் முக்கியம்? குடியிருப்பு வகை ஸோனில் ஒரே ஒரு வீடு கட்டுபவருக்கு விதியில் ஒரு எளிய பாதை இருக்கிறது. ‘கிரீன் வெட்ஜ்’ எனப்படும் பசுமைப் பகுதி, கிராமப்புறப் பாதுகாப்பு போன்ற ஸோன்களில் கட்டுபவர் நீண்ட பாதையில் போக வேண்டும். அங்கே வீடு கட்டுவதற்கே ஸோன் தனியாக அனுமதி கேட்கலாம். சில ஊர்களில் பி.எம்.ஓ.வுடன் ஓர் அட்டவணை இணைந்திருக்கும். வீட்டின் தரமும் தூரங்களும் அதிலேயே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டிருப்பதால் விண்ணப்பம் வெகுவாகச் சுருங்கிவிடும். உங்கள் அறிக்கையில் பி.எம்.ஓ.வுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், அந்த அட்டவணையை முதலில் படியுங்கள்.

மனை பிடித்துவிட்டது, ஆனால் அனுமதி கிடைக்குமா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், திட்ட அனுமதி கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எல்லா விற்பனையாளரும் சம்மதிக்க மாட்டார்கள். கேட்பதில் நட்டமில்லை. அப்படியே ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த முகவரிக்கு என்ன தொகை கேட்பார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

நிலத்தில் நடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வீடு எவ்வளவு வெப்பத்தைத் தாங்கியாக வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவு ‘புஷ்ஃபயர் அட்டாக் லெவல்’. பேல் என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியத் தரநிலை 3959இல் இது வரையறுக்கப்பட்டிருக்கிறது. மிகக் குறைந்த அபாயம் என்ற நிலைக்கு மேலே 12.5, 19, 29, 40, அதற்கும் மேல் தீச்சுவாலையே வீட்டைத் தொடக்கூடிய நிலை என்று படிகள் போகும். அந்த எண்கள், ஒரு சதுர மீட்டர் சுவரின்மேல் விழக்கூடிய கதிர்வெப்பத்தைக் கிலோவாட்டில் சொல்கின்றன. எண் ஏற ஏறக் கட்டுமானச் செலவும் ஏறும்.

பேல் எண்ணைத் தீர்மானிப்பவை மூன்று: அருகில் எந்த வகைத் தாவரம் இருக்கிறது, அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அது நிற்கும் நிலத்தின் சரிவு என்ன. சரிவு என்றால் பலரும் வீடு நிற்கும் இடத்தின் சரிவு என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கில் வருவது தாவரத்துக்கு அடியில் உள்ள சரிவு. தீ மேட்டை நோக்கி ஏறும்போது வேகம் பிடிக்கும். ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே உங்கள் வீட்டுக்குக் கீழே பள்ளத்தில் காடு இருந்தால், அந்தக் காடு உங்களை நோக்கி நீட்டிய திரி.

எண்களில் சொல்கிறேன். சமதளத்தில், அல்லது வீட்டைவிட மேடான நிலத்தில், அடர்ந்த காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேல் 29 தரத்தில் கட்ட, காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே 25 மீட்டர் வேண்டும். பேல் 12.5 தரத்தில் கட்ட 48 மீட்டர். அதே காடு வீட்டிலிருந்து 10 முதல் 15 டிகிரி கீழ்நோக்கிச் சரியும் நிலத்தில் இருந்தால், பேல் 29க்கே 49 மீட்டர் தேவைப்படும், 12.5க்கு 82 மீட்டர். வெறும் புல்வெளி என்றால் சமதளத்தில் 9 மீட்டரிலேயே பேல் 29 கிடைத்துவிடும். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேட்டின் விளிம்பில் வீடு வைக்க எல்லோருக்கும் ஆசை. விதியின் கண்ணில், தீயின் கண்ணிலும், அதைவிட மோசமான இடம் இல்லை.

எங்கள் வரைபடம் வீணானது இதனால்தான். காலையில் தேநீர்க் கோப்பையோடு நின்று பனிமூட்டத்தைப் பார்க்கலாம் என்று, மனையின் கிழக்கு விளிம்பில் வரவேற்பறை வரும்படி வரைந்து வாங்கியிருந்தோம். பிறகு ஆலோசகர் ஒருவர் வந்தார். கையில் சரிவளக்கும் சிறிய கருவி ஒன்று. விளிம்பிலிருந்து காட்டுக்குள் இறங்கி, ஒரு மரத்தில் தன் கண் உயரத்தில் சிவப்பு நாடா கட்டிவிட்டு மேலே ஏறிவந்து, கருவியின் துளை வழியாக அந்த நாடாவைப் பார்த்து எண்ணைப் படித்தார். பதினான்கு. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். பின்பு நாங்கள் அடித்திருந்த முளைகளைத் தாண்டி மேற்கே நடந்துபோய், சாலைக்கு அருகில் பழைய புல்தரையில் நின்று, “வீடு இங்கே” என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த இடமாற்றம்தான் எங்களுக்கு அனுமதி வாங்கித் தந்தது. வாசல் சாலைக்கு அருகில் வந்ததால் வண்டிப்பாதையின் செலவும் பாதியானது.

வரைபடம் வாங்கும் முன், மனையில் நான்கு முளைகளோடு நடந்து பாருங்கள். காட்டிலிருந்து தள்ளி, சாலைக்குப் பக்கத்தில், முடிந்தவரை சமமான இடம். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த விண்ணப்பத்தின் பாதி வேலை.

தற்காப்பு வெளி

மேலே சொன்ன 25 மீட்டர், 49 மீட்டர் எல்லாம் வெறும் இடைவெளி அல்ல. அந்தப் பரப்பை நீங்கள் ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும். இதைத்தான் தற்காப்பு வெளி என்கிறார்கள். குடியிருப்பு ஸோனுக்கு வெளியே கட்டுபவர்கள், பேல் 29 வரையிலான தரத்துக்குரிய தூரம் முழுவதையும் தங்கள் எல்லைக்குள்ளேயே காட்டுவதுதான் நேர்வழி. பக்கத்து நிலத்தை நம்பியோ பேல் 40இல் கட்டியோ சமாளிக்க நினைத்தால், ஏன் வேறு வழியில்லை என்று விளக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

வெளி என்றால் மொட்டைத் தரை அல்ல, மரங்கள் இருக்கலாம். அறிவிக்கப்பட்ட தீ அபாயக் காலத்தில் புல் குட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சருகு அகற்றப்பட வேண்டும். மரக்கிளை வீட்டைத் தொடவோ கூரைக்கு மேல் கவியவோ கூடாது. மரங்களின் தாழ்ந்த கிளைக்கும் தரைக்கும் இடையே 2 மீட்டர் இருக்க வேண்டும். மரங்களின் உச்சிகளுக்கு இடையே வழக்கமாக 5 மீட்டர். புதர்க்கூட்டம் ஒவ்வொன்றும் 5 சதுர மீட்டருக்கு மிகாமல், ஒன்றுக்கொன்று 5 மீட்டர் தள்ளி, மரத்தடியில் இல்லாமல் இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கண்ணாடி சன்னலிலிருந்து 3 மீட்டருக்குள் 10 சென்டிமீட்டரைவிட உயரமான செடி எதுவும் கூடாது. சமையலறை சன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் கறிவேப்பிலை வைப்பது நம் வழக்கம். இங்கே அது முடியாது. வீட்டைச் சுற்றி 10 மீட்டருக்குள், தீ எளிதில் நுழையும் பகுதிகளை ஒட்டி, எரியும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. வாசலில் தென்னைநார் மிதியடி, செருப்பு அடுக்கும் மரத்தட்டு, நிலைப்படியில் காய்ந்துபோன மாவிலைத் தோரணம் ஆகியவற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தீமுகம் வருவதற்கு வெகு நேரம் முன்பே காற்றில் பறந்துவரும் தீப்பொறிகள் வாசலில்தான் சேரும். வீடுகள் பெரும்பாலும் பற்றுவது அந்தப் பொறிகளால்.

தண்ணீரும் பாதையும்

மனை 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால், தீயணைப்புக்கென்றே 10,000 லிட்டர் தண்ணீர் தனியாக வைத்திருக்க வேண்டும். தரைக்கு மேல் நிற்கும் தொட்டி, கான்கிரீட்டாலோ உலோகத்தாலோ ஆனது. வெளியே தெரியும் குழாய்களும் உலோகமே. பிளாஸ்டிக் தொட்டி விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், இதற்கு ஏற்கமாட்டார்கள். வீட்டின் வெளிவிளிம்பிலிருந்து 60 மீட்டருக்குள் தொட்டி இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி குழாயை மாட்டும் வாய், வண்டிப்பாதையிலிருந்து 4 மீட்டருக்குள் தடையின்றி இருக்க வேண்டும். அந்த வாயில் 65 மில்லிமீட்டர் வால்வும், சி.எஃப்.ஏ. எனப்படும் மாநிலக் கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பின் 64 மில்லிமீட்டர் இணைப்பும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இந்த இணைப்பின் மரை சாதாரணக் கடையில் கிடைக்கும் மரை அல்ல. குழாய்க்காரரிடம் சொல்லும்போது “சி.எஃப்.ஏ. மரை” என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தோட்டத்துக்கும் குளியலறைக்கும் அதே தொட்டியிலிருந்து எடுப்பதாக இருந்தால், அந்தக் குழாயை மேலே பொருத்தி, அடியில் 10,000 லிட்டர் எப்போதும் எஞ்சும்படி செய்யச் சொல்லுங்கள். சிறிய மனைகளுக்கு அளவு குறையும்: 500 சதுர மீட்டருக்குக் குறைந்தால் 2,500 லிட்டர்.

பாதை 30 மீட்டருக்கு மேல் நீண்டால் அது எந்த வானிலையிலும் 15 டன் வண்டியைத் தாங்க வேண்டும். அகலம் 3.5 மீட்டர், இருபுறமும் அரை மீட்டரும் தலைக்கு மேல் 4 மீட்டரும் தடையில்லாமல் இருக்க வேண்டும். வளைவின் உட்புற ஆரம் 10 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஏற்றம் சராசரியாக 7க்கு 1க்கு (7 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) மேல் போகக்கூடாது. 5க்கு 1 என்ற செங்குத்து, 50 மீட்டர் நீளம்வரை மட்டும். 100 மீட்டரைத் தாண்டினால் வீட்டருகே வண்டி திரும்ப இடம் வேண்டும்; 200 மீட்டரைத் தாண்டினால் இடையில் ஒதுங்குமிடங்களும் வேண்டும். சரிவான மனையில் இந்தப் பாதை ஒன்றுக்கே செலவு எங்கோ போய்விடும். நீளமான பாதையுள்ள மனையை விலை பேசும்போதே இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோப்பில் என்னென்ன?

ஆவணங்களை நீங்களே தயாரிக்கத் தடையில்லை. எளிய குடியிருப்பு மனை, சமதளம், அட்டவணை உள்ள ஊர் என்றால் கவனமான ஒருவரால் முடியும். காடும் சரிவும் உள்ள மனை என்றால் ஆலோசகரை வைத்துக்கொள்வதே நல்லது. காட்டுத்தீத் திட்டமிடலுக்கு அங்கீகாரம் பெற்றவர்களை ‘பிபேட்’ என்ற முத்திரையால் அடையாளம் காணலாம். அவர் மனைக்கு நேரில் வருவாரா என்று முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேளுங்கள். செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து எழுதித் தந்த ஓர் அறிக்கை எங்களுக்கு முதலில் கிடைத்தது. அதில் 14 டிகிரிச் சரிவு சமதளம் என்று இருந்தது.

கோப்பின் இதயம் மூன்று ஆவணங்கள். ஒன்று, மனை ஆபத்து மதிப்பீடு: வீடு வரப்போகும் இடத்தைச் சுற்றி 150 மீட்டர்வரை உள்ள தாவரம், சரிவு, தூரம் எல்லாம் அளவுகளோடும் படங்களோடும். இரண்டு, நிலப்பரப்பு மதிப்பீடு: அந்த 150 மீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது, தீ எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தொலைவு ஓடி வரலாம், தப்பிச் செல்ல எத்தனை சாலைகள். குடியிருப்பு ஸோனின் எளிய விதிப்பாதையில் போகும் ஒற்றை வீட்டுக்கு இது தேவையில்லை. மூன்று, மேலாண்மை அறிக்கை: விதி கேட்கும் ஒவ்வொன்றையும் உங்கள் திட்டம் எப்படி நிறைவு செய்கிறது என்பதற்கான பதில்.

இவற்றின் சாரமாக ஒரே தாளில் ஒரு வரைபடம் வரும். தற்காப்பு வெளியின் எல்லை, பேல் எண், தொட்டி, பாதை எல்லாம் அதில் அடங்கியிருக்கும். அனுமதி கிடைத்தபின் முத்திரை குத்தி உங்கள் கைக்கு வருவது இந்தத் தாள்தான். இவற்றோடு நில உரிமைப் பத்திரத்தின் அண்மைய நகல், மனைத் திட்டம், தள வரைபடங்கள், கட்டணம். கட்டுமானச் செலவுக்கு ஏற்பக் கட்டணம் மாறும். ஒவ்வொரு நிதியாண்டும் திருத்தப்படும்.

கோப்பைத் தருவதற்கு முன் கவுன்சிலில் ஒரு முன்சந்திப்பு கேளுங்கள். முளைகளின் இடத்தைக் காட்டும் ஒரு கைப்படம் இருந்தால் போதும். மண்சரிவு, நிலத்தோற்றம், கழிவுநீர் என்று வேறு எவை குறுக்கே வரும் என்பதை அங்கேயே சொல்லிவிடுவார்கள். சாக்கடை இணைப்பு இல்லாத மனையில் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் பரப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் தற்காப்பு வெளியும் ஒரே நிலத்துக்குப் போட்டியிடும்.

கோப்பு கொடுத்த பிறகு

கவுன்சில் கோப்பைப் படித்துவிட்டு, குறையிருந்தால் 28 நாளுக்குள் கூடுதல் தகவல் கேட்கும். அப்படிக் கேட்டால் காலக்கணக்கு நின்று, நீங்கள் பதில் தந்தபின் மறுபடியும் தொடங்கும். ஆகவே பதிலைத் தள்ளிப்போடாதீர்கள். பல விண்ணப்பங்கள் சி.எஃப்.ஏ.வின் கருத்துக்கும் போகும். கவுன்சில் முடிவெடுக்க நீண்டகாலமாக இருந்துவரும் சட்டக் கணக்கு 60 நாள். இடையில் நிற்கும் நாள்களையும் சேர்த்தால் நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். தற்போதைய கால அட்டவணையை முன்சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வராமல் இழுத்தாலும், மறுத்தாலும், வீகேட் எனப்படும் மாநிலத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதற்கு முன் அலுவலரை அழைத்து எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டை நான்கு மீட்டர் நகர்த்தினால் தீர்ந்துவிடும் சிக்கலுக்குத் தீர்ப்பாயம் தேவையில்லை.

காத்திருக்கும் இந்த நாள்களில் மரத்தின்மேல் கைவைக்காதீர்கள். வீட்டைச் சுற்றி 10 மீட்டருக்குள் எந்தத் தாவரத்தையும், 30 மீட்டர் அல்லது 50 மீட்டருக்குள் மரம் தவிர்த்த மற்றவற்றையும் அகற்றலாம் என்று ஒரு விதி பேச்சில் அடிபடும். அது 2009 செப்டம்பருக்கு முன்பே இருந்த வீடுகளுக்கான சலுகை. காலி மனைக்கு அல்ல. புது வீட்டுக்கு, அனுமதியோடு வரும் திட்டத்தில் காட்டிய அளவுக்குத்தான் அகற்றலாம். முன்கூட்டியே வெட்டினால் அபராதம் வரலாம், விண்ணப்பமும் கெட்டுப்போகும். ஒரு மரம் உங்கள் அளவில் ஆபத்தாகத் தெரிந்தாலும் முதலில் கேளுங்கள்.

அனுமதி கையில் வந்ததும்

நிபந்தனைகளை வரிக்கு வரி படித்து, ஒரு நகலைக் கட்டுபவரிடமும் ஒரு நகலைத் தோட்ட வேலை செய்பவரிடமும் கொடுங்கள். எந்தத் தேதிக்குள் வேலை தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். தாமதமாகும் என்று தோன்றினால், தேதி போவதற்குள் நீட்டிப்புக் கேளுங்கள். அடுத்து கட்டட சர்வேயர். பேல் எண்ணுக்கு ஏற்ற பொருள்களை அவர் பார்ப்பார்: காற்றுத்துளைகளில் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்களுள்ள உலோக வலை, உறுதியூட்டிய கண்ணாடி, மேடைத்தளத்துக்குத் தீயை எதிர்க்கும் மரவகை. பேல் 29இல் ஸ்பாட்டட் கம், பிளாக்பட், ரிவர் ரெட் கம் போன்ற குறிப்பிட்ட ஏழு மரவகைகள் ஏற்கப்படுகின்றன. கட்டுபவர் “இதுவும் அதேபோன்ற மரம்தான்” என்று வேறொன்றைக் கொண்டுவந்தால், பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் திண்ணையோ பந்தலோ சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதையும் இப்போதே திட்டத்தில் காட்டிவிடுங்கள். வீட்டோடு ஒட்டிக் கட்டும் எதுவும் வீட்டின் தரத்துக்கு வர வேண்டும்.

முத்திரையிட்ட அந்த ஒற்றைத் தாளின் கட்டளைகள் வீடு முடிந்ததும் முடிவதில்லை. தற்காப்பு வெளி, தண்ணீர், பாதை மூன்றையும் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. வீட்டை விற்றால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். எங்கள் தாளின் நகல் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் அதைப் பார்த்து வேலையைத் தொடங்குவோம். பெரியவன் கூரைக்கால்வாயில் சருகு அள்ளுவான். சின்னவள் அளவுகோலோடு சன்னல் சன்னலாகப் போய், 3 மீட்டருக்குள் முளைத்ததைப் பிடுங்குவாள். நான் தொட்டியின் பெரிய வால்வை ஒருமுறை திறந்து, தண்ணீர் பாதையில் பீறிட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு மூடுவேன். கறிவேப்பிலைச் செடி வேலியோரம் தள்ளி நிற்கிறது. சாம்பார் கொதிக்கும்போது யாராவது ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டு அங்கே போய்வருகிறோம்.